முன்சீற்றில் நாற்பத்தெட்டுக் கிலோ

“இழுக்குது. வலப்பக்கம் இழுக்குது. நான் விளையாட்டுக்குச் சொல்லேல்லை, பாருங்கோ.”

சொல்லிக்கொண்டே கோணேசன் ஸ்ரியரிங்கிலிருந்து கைகளை எடுப்பார். முழுதாக எடுப்பதில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, ஒரு விரற்கடை இடைவெளியில், நெருப்பில் குளிர்காய்கிறவரைப் போலப் பிடித்திருப்பார். டென்மார்க்கில், இக்காஸ்டுக்கும் ஹேர்னிங்குக்கும் நடுவில் அந்த வீதி கயிறு பிடித்ததுபோல் நேராகக் கிடக்கும். இரு பக்கமும் வெறும் வயல், ஓரத்தில் அழுக்கேறிய பனி. சிவப்பு ஒப்பல் தன்பாட்டில் ஓடும். “ஒண்டு. ரெண்டு. மூண்டு” என்று எண்ணுவார். ஏழு வருமுன் கார் வீதியோரக் கோட்டை நோக்கி ஒரு சாண் நகர்ந்திருக்கும். “கண்டியளோ?” என்று கண்ணாடி வழியாகப் பின்சீற்றைப் பார்ப்பார்.

பின்சீற்றில் இருப்பவர் ஒன்றையும் கண்டிருக்கமாட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்திருப்பார்.

கோணேசனின் காரில் ஏறுகிறவர்களுக்கு ஒரே ஓர் இடம்தான், பின்னால், அவருடைய முதுகுக்கு நேரே. முன்கதவைத் திறக்கப் போனால், “அங்கை ஆள் இருக்கு” என்பார். முன்சீற்றில் இருபது கிலோ அரிசி மூட்டைகள் இரண்டு, அவற்றின் மேல் எட்டுக் கிலோவுக்கு ஒரு பை, மூன்றையும் சேர்த்துக் குறுக்கே பெல்ற் போட்டிருக்கும். மேற்பையில் கறுப்பு மையால் 48 என்று எழுதியிருக்கும். அதற்குப் பின்னாலுள்ள சீற்றில் இன்னொரு மூட்டை, சின்னது. அதற்கும் பெல்ற். அதிலும் எண்கள் இருந்தன. ஒன்றை வெட்டி இன்னொன்று, அதையும் வெட்டி வேறொன்று.

பெரியது மனைவி ஞானேஸ்வரி. சின்னது மகள் வினோதா. இரண்டு பேரும் திருகோணமலையில் இருந்தார்கள்.

கோணேசன் எண்பத்தைந்தில் வந்தவர். ஊரில் பஸ் டிப்போவில் பன்னிரண்டு வருசம் சில்லு வேலை பார்த்தவர். இக்காஸ்டுக்கு வந்த தமிழர் பலர் தையல் ஆலைகளுக்குப் போக, இவர் ஊரின் ஓரத்திலிருந்த ஒரு சின்னக் கராஜில் கார் கழுவப் போனார். அதன் முதலாளி பென்ட், ஆறடி மூன்றங்குலம், ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் செலவழிக்காத மனிதன். அதிலும் ஆறு சொல் “நோ” என்பதாக இருக்கும். டேனிஷ்காரரின் இந்த “நோ”வுக்கு மறுப்பு என்று பொருளில்லை. அப்படியா, சரி, பார்ப்போம், ஐயோ பாவம் எல்லாம் அதுதான். இழுக்கிற நீளத்தை வைத்துப் பொருள் எடுக்க வேண்டும். கோணேசன் டேனிஷ் பள்ளிக்கூடத்தில் ஒரு வருசம் படித்ததைவிடப் பென்டின் “நோ”வில் படித்தது கூட.

ஒரு நாள், சில்லுகள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ற் பார்க்கிற விளக்குப் பொறி பழுதாகிவிட்டது. கார் மேடையில் நிற்கிறது, சொந்தக்காரர் வாசலில் நிற்கிறார். கழுவுகிற வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கோணேசன் வந்தார். மீன்பிடிக்கிற தங்கூசி நூலை எடுத்தார், நான்கு சில்லையும் ஒட்டி இரு பக்கமும் நேராக இழுத்துக் கட்டினார், குந்தியிருந்து இரும்பு அடிமட்டத்தால் அளந்தார், ஒரு கண்ணை மூடினார், சில்லைத் திருப்புகிற டை ரொட் கம்பியை அரைச் சுற்றுத் திருப்பினார். மறுநாள் பொறியைத் திருத்தியதும் பென்ட் அதே காரைக் கூப்பிட்டு அளந்து பார்த்தான். அரை மில்லிமீற்றர்கூடப் பிசகில்லை. “நோ-ஓ-ஓ” என்றான். அன்றிலிருந்து கோணேசன் வாளியைத் தொடவில்லை.

அந்த நாட்டுப் பனிக்காலம் கராஜுக்குச் சோறு போடுகிற காலம். வீதி வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும், உறையும், தாரைத் தூக்கிப் பிளக்கும். மாசி பங்குனியில் பனி கரைந்தால் வீதி முழுக்கக் குழி. நடைபாதைக் கல்லைப் பனி மூடியிருக்கும், புதிதாக லைசென்ஸ் எடுத்த எங்கள் ஆட்கள் அதில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். முன்சில்லுகள் இரண்டும் எப்படி நிற்க வேண்டுமோ அதில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் போதும், ரயரின் ஒரு கரை மட்டும் தேயும், கார் ஒரு பக்கமாய்ப் போகும். சனிக்கிழமைகளில் கராஜின் பின்வளவில் தமிழரின் கார்கள் வரிசையில் நிற்கும். கோணேசன் ரயரைத் தடவிப் பார்த்தே காரோட்டியின் சரித்திரத்தைச் சொல்லிவிடுவார்.

“உள்பக்கம் தேய்ஞ்சு கிடக்கு. எங்கை ஏத்தினனீங்கள்?”

“எங்கையும் ஏத்தேல்லை அண்ணை.” சொல்வது பெந்தெகொஸ்தே சபைப் பாஸ்டர் அன்புராஜா.

“பாஸ்டர்.”

பாஸ்டர் குனிந்து தன் ரயரைத் தடவிப் பார்த்தார்.

“சபை வாசல் கல்லிலை. மெல்லமாத்தான்.”

“எப்ப?”

“போன ஞாயிறு. ஆராதனைக்குப் பிந்திப்போச்சு.”

“ஆண்டவர் மன்னிப்பார் பாஸ்டர். டை ரொட் மன்னிக்காது.”

மற்றவர்களின் கார்களைச் செய்து முடித்த பிறகு தன்னுடையதை மேடையில் ஏற்றுவார். இதுதான் ஒருவருக்கும் விளங்காத விசயம். கோணேசன் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர். கடைக்கும் சைக்கிள். கார் கிழமைக்கு ஒரு முறை, அலைன்மென்ற் செய்ததைச் சோதித்துப் பார்க்க மட்டும், ஹேர்னிங் வரை போய் வரும். ஓடாத காருக்கு ஏன் ஒவ்வொரு கிழமையும் அளவு?

“விசா எப்ப வருமெண்டு தெரியாது. வந்த உடனை காஸ்ட்ரூப் எயாப்போட்டுக்கு வெளிக்கிட வேணும். முந்நூறு கிலோமீற்றர், நடுவிலை கப்பல். அண்டைக்குப் போய்க் கார் இழுத்தா?”

“இழுத்தா என்ன, ஸ்ரியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு ஓடுங்கோவன்.”

“நாலு வருசத்துக்குப் பிறகு பெஞ்சாதி பிள்ளையை ஏத்திக்கொண்டு வாறன். நான் ஸ்ரியரிங்கோடை மல்லுக்கட்டுறதோ, அவையின்ர முகத்தைப் பாக்கிறதோ?”

அரிசி மூட்டை வந்த கதை இதுதான். பென்டிடம் ஒரு தடித்த ஜெர்மன் கைநூல் இருந்தது. சில கார்களுக்கு வெறும் சீற்றோடு அளக்கக்கூடாது, முன்சீற்றுகளில் எழுபது எழுபது கிலோ பாரம் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. பென்ட் விரலால் அதைக் காட்டினான். கோணேசன் யோசித்தார். டிப்போவிலும் மணல் மூட்டை ஏற்றித்தான் பார்ப்பார்கள், அதனால் விசயம் பிடிபட்டது. எழுபதுதான் பிடிபடவில்லை.

“எழுபது கிலோ ஆர்?” என்று கேட்டார். “எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது.”

தனக்குத் தெரிந்த பாரத்தை வைத்தார். எண்பத்தைந்தில் புறப்படுவதற்கு முதல் மாதம் ஊர் ஆஸ்பத்திரியில் ஞானேஸ்வரிக்கு நிறை பார்த்தபோது நாற்பத்தெட்டு. வினோதாவுக்கு ஐந்து வயது, பதினேழு. பென்ட் சாத்திவைத்த புத்தகத்தையும் பெல்ற் போட்ட அரிசியையும் மாறி மாறிப் பார்த்து ஒரு “நோ” சொன்னான். அது மிக நீளமாக இருந்தது.

கராஜுக்கு வருகிற இளம் பெடியள் விடவில்லை. “அண்ணை, அண்ணி பச்சையோ புழுங்கலோ?”

“அவ வந்து உலை வைக்கட்டும். அப்ப வந்து கேள்.”

“நாள்பட்டாப் பூச்சி பிடிக்கும் அண்ணை.”

“பிடிக்காது. மூண்டு மாதத்துக்கு ஒருக்கா அரிசி மாத்துறன். நீ பழசைத்தான் போன கிழமை என்ரை வீட்டிலை திண்டனீ.”

வீதி வலப்பக்கம் சரிந்துதான் போட்டிருக்கிறது, எந்தக் காரும் அந்தப் பக்கம் கொஞ்சம் போகத்தான் செய்யும், மழைத்தண்ணீர் வடிவதற்கு அப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பென்ட் ஒரு நாள், தன் ஒரு கிழமைச் சொற்களைச் செலவழித்து விளக்கினான். கோணேசன் கேட்டுக்கொண்டார். வெளியில் வந்து சொன்னார்: “தண்ணி போறதுக்கு வழி விட்டிருக்கினம். சரி. நானென்ன தண்ணியோ?”

மனைவியையும் மகளையும் அழைக்க விண்ணப்பம் போட்டது எண்பத்தேழு ஆடியில். அதற்கு முந்திய வருசம் போட்டவர்களுக்கு நாலைந்து மாதத்தில் குடும்பம் வந்து இறங்கியிருந்தது. கோணேசன் ஐப்பசியில் வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கினார், கார்த்திகையில் சின்னச் சப்பாத்து ஒரு சோடி. மார்கழியில் கடிதம் வந்தது. பாஸ்டர் அன்புராஜாதான் வாசித்தார்.

“பரிசீலனையிலை இருக்காம்.”

தையில் ஒன்று வந்தது. “பரிசீலனையிலை இருக்காம்.” சித்திரையிலும் ஆவணியிலும் அதே வரி, அதே பாஸ்டர், ஒவ்வொரு முறையும் இன்னும் மெல்லிய குரல். நீதி அமைச்சில் தமிழரின் கோப்புகளை வேண்டுமென்றே அசையாமல் வைத்திருந்தார்கள் என்று பிற்பாடு பத்திரிகைகளில் வந்தது, ஆனால் அந்தக் குளிர்காலங்களில் இக்காஸ்டில் யாருக்கும் அது தெரியாது. தங்கள் கடுதாசியில்தான் ஏதோ பிழை என்று ஆளாளுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் ஒரு காரை ரெண்டு நாள் மேடையிலை வைச்சிருந்தாப் பென்ட் வந்து கேப்பான்” என்றார் கோணேசன். “இவையள் வருசக்கணக்கா வைச்சிருக்கினம். ஒரு சில்லுக் கழட்டினதாக்கூடத் தெரியேல்லை.”

மாதத்தில் முதல் ஞாயிறு ரெலிபோன். திருகோணமலையில் ஒரு புடவைக்கடைக்கு ஞானேஸ்வரி வந்து காத்திருப்பா. சண்டையால் வீதியில் இறங்குகிற நிலைமை இல்லாத மாதங்களில் கடைக்காரர் எடுத்து, “இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை” என்று வைத்துவிடுவார். வந்த மாதங்களில் கோணேசன் முதலில் கேட்பது இதுதான்:

“இப்ப எத்தினை கிலோ?”

“கடவுளே. ஒரு மாதம் பாத்துக்கொண்டிருந்து, ஓடி வந்து எடுத்தா, கேக்கிற கேள்வியைப் பாருங்கோ. நானென்ன சந்தையிலை தொங்கிற மீனோ?”

“இல்லையப்பா, கார் வேலைக்கு. அளவு பிழைச்சா இழுக்கும்.”

“நாப்பத்தெட்டு. அப்பிடியேதான் இருக்கிறன். எழுதிக்கொள்ளுங்கோ.”

ஒவ்வொரு மாதமும் நாற்பத்தெட்டு. கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வினோதாவின் நிறையைக் கேட்டால் மட்டும் அந்தப் பக்கம் குரல் தணியும். “பிள்ளைக்கு நிறை சொல்லக்கூடாது. வளருது, அவ்வளவுதான்.”

வளர்கிறதென்றால் எவ்வளவு? அதுதான் கோணேசனை அரித்தது. சின்ன மூட்டைக்கு எத்தனை போடுவது? இக்காஸ்டில் அதே வயதில் இருந்த பிள்ளை ராசமலர் அக்காவின் மகள் ஒருத்திதான். ராசமலர் கீழ்மாடியில் இருந்தா, பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு பின்னேரம் படியில் கண்டு கேட்டுவிட்டார்.

“அக்கா, பிள்ளை இப்ப எத்தினை கிலோ?”

ராசமலரின் முகம் மாறியது. “என்ன கேள்வியிது? பிள்ளையின்ர நிறையை ஆரும் கேப்பினமோ? நாவூறு படும்.” கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே நாவூறு கழிக்க மிளகாய் சுட்ட புகை மாடிப்படியெல்லாம் ஏறி, மேல்மாடி டேனிஷ் கிழவர் தீயணைப்புக்காரருக்கு ரெலிபோன் அடிக்கலாமா என்று வெளியே வந்து பார்த்தார். கோணேசன் தன் கதவுக்குப் பின்னால் இருமிக்கொண்டே நின்றார்.

சின்ன மூட்டையை மனக்கணக்கில்தான் ஏற்றினார். பதினேழை வெட்டிப் பத்தொன்பதரை. அதை வெட்டி இருபத்திரண்டு. ஒவ்வொரு ஐப்பசியிலும், பனி விழுமுன், பையை அவிழ்த்து இரண்டு கிலோ, இரண்டரைக் கிலோ கூட்டிப் போடுவார். பிறகு கையில் தூக்கிப் பார்ப்பார். இருபத்திரண்டைத் தூக்கியபோது இடுப்பு கொஞ்சம் வளைந்தது. இறக்காமல் அப்படியே நின்றார். பென்ட் உள்ளே வந்து, கண்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு திரும்பிப் போனான். “நோ” கூடச் சொல்லவில்லை.

ஒவ்வொரு பங்குனியிலும், பனி கரைந்து கடைசி அளவு பார்த்த பிறகு, ஒரு ஒத்திகை ஓட்டம் இருந்தது. அதிகாலையில் வெளிக்கிட்டு, பாலம் கடந்து, கப்பலில் ஏறி, காஸ்ட்ரூப் வரை போவார். விமான நிலையத்தில் வருகை வாசலுக்கு எதிரே நின்று ஒரு கோப்பி குடிப்பார். யாராவது யாரையாவது கட்டிப்பிடித்தால் கோப்பிக்குள் பார்ப்பார். பிறகு அரிசியோடு திரும்பி வருவார். எப்படிப் போச்சு என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: “போகேக்கை இழுக்கேல்லை. வரேக்கைதான் இழுத்தது.”

எண்பத்தொன்பதில் கோப்புகள் அசையத் தொடங்கின. ஒருவருக்கு வந்தது, இன்னொருவருக்கு வந்தது. அந்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, கராஜின் பின்வளவுக்கு ராசமலர் வந்தா. ஒரு கையில் மகளின் கை. மறு கையில் குளியலறைத் தராசு. ஒன்றும் பேசாமல் தராசைச் சீமெந்தில் வைத்து, பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றி மேலே ஏற்றினா.

“இருபத்தாறரை. இவ உங்கட வினோதாவுக்கு ரெண்டு மாதம் மூப்பு. எழுதிக்கொள்ளுங்கோ.”

“நாவூறு…”

“போய்ச் சுத்திப் போடுறன். மிளகாய் கிடக்கு. நீங்கள் சரியாப் போடுங்கோ.”

கோணேசன் அன்று சின்ன மூட்டையில் நாலரைக் கிலோ கூட்டினார். நாலாவது எண்ணை எழுதும்போது மை கொஞ்சம் பரவிவிட்டது. விசா வந்தது கார்த்திகை முடிவில். கடிதத்தை வாசித்த பாஸ்டர் அன்புராஜா “பரிசீலனை” என்ற சொல்லை அதில் தேடி, காணாமல், இரண்டாம் முறை வாசித்து, அதற்குப் பிறகுதான் உரக்கச் சொன்னார்.

மார்கழி நடுவில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், காஸ்ட்ரூப் வருகை வாசல் திறந்தது. கோணேசன் கையில் கோப்பி இருக்கவில்லை. முதலில் அவர் ஞானேஸ்வரியைக் காணவில்லை, அவ கையிலிருந்த மணிக்கூட்டைத்தான் கண்டார். கலியாணத்துக்கு வாங்கியது. முன்பு மணிக்கட்டில் தடம் பதிய இறுகியிருக்கும். இப்போது பையைத் தூக்கக் கையை உயர்த்தினபோது அது வழுகி முழங்கை வரை போய், கையை இறக்க மறுபடி வந்து விழுந்தது. வினோதா தாயின் கோட்டைப் பிடித்தபடி அவரைக் கடந்து பின்னால் யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“அப்பா எங்கையம்மா?”

“இந்தா நிக்கிறார்.”

அவள் பார்த்தாள். பிறகு கோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

காரடிக்கு வந்து, பெட்டிகளை டிக்கியில் அடுக்கிவிட்டு, கோணேசன் முன்கதவைத் திறந்து மூட்டைகளின் பெல்ற்றைக் கழற்றப் போனார். வரும்போது இறக்கியிருக்கலாம். வெறும் சீற்றோடு ஓடினால் இழுக்கும் என்று இறக்கவில்லை.

“இதென்னப்பா, அரிசிக்குப் பெல்ற்றோ?”

ஞானேஸ்வரி குனிந்து பார்த்தா. 48 என்ற எண்ணைக் கண்டா. கோட்டின் கைகளை மணிக்கூடு மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டா.

“பிள்ளை என்னை விட்டிட்டு இருக்கமாட்டாள்” என்றா. “பின்னுக்கு அவளோடை இருக்கிறன்.” ஏறி, கோணேசனின் முதுகுக்கு நேரே இருந்தா. வினோதா நடுவில். அடுத்த பக்கம் சின்ன மூட்டை. கோணேசன் திறந்த முன்கதவில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்பத்தெட்டுக் கிலோவுக்குத் திரும்பப் பெல்ற்றைப் போட்டுச் சாத்தினார்.

கப்பலுக்குப் போகும் நெடுஞ்சாலையில் பொடிப்பனி கிடந்தது. கண்ணாடியில் ஞானேஸ்வரியின் நெற்றி மட்டும் தெரிந்தது. பேசுவதற்கு நாலு வருசம் சேர்த்துவைத்த கோணேசனுக்கு வீதி அடையாளங்களைத் தவிர ஒன்றும் வாயில் வரவில்லை. “இது ரொஸ்கில்ட்” என்றார். “ஓம்” என்றா ஞானேஸ்வரி. “இனி ரிங்ஸ்டெட் வரும்.” “ஓம்.”

அப்போது பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வாசித்தது.

“பதினேழு. பத்தொன்பதரை. இருபத்திரண்டு. இருபத்தாறரை. இது ஆரின்ர கணக்கம்மா?”

“உன்ரதான்” என்றார் கோணேசன், வீதியைப் பார்த்தபடி.

கொஞ்சத் தூரம் ஓடியது.

“நான் இருபத்தொண்டுதான்” என்றாள் வினோதா. அவரிடம் நேரே சொன்ன முதல் சொல் அது. மை பரவிய எண்ணை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மூட்டை வாகாக இருந்ததாலோ, களைப்பாலோ, அதிலேயே சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.

வீதி நேராக வந்தது. கோணேசன் ஸ்ரியரிங்கிலிருந்து கைகளை எடுத்து, ஒரு விரற்கடை மேலே, விரித்துப் பிடித்தார். வாய் மெல்ல எண்ணியது. ஏழு போனது, எட்டுப் போனது. ரெலிபோனில் மாதாமாதம் இந்தக் காரைப் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்த ஞானேஸ்வரி முன்னுக்குச் சரிந்து, அவருடைய தோளடியில் கேட்டா:

“என்னப்பா, இழுக்குதோ?”

“அதை இப்பச் சொல்ல ஏலாது. முன்னுக்கு இருக்கிறது நீர் ரெலிபோனிலை சொன்ன ஞானேஸ்வரி, பின்னுக்கு இருக்கிறது வந்து இறங்கின ஞானேஸ்வரி. ரெண்டு பேரையும் வீட்டை கொண்டுபோய், இந்த அரிசியிலை உலை வைச்சு, நீர் மெய்யாவே நாப்பத்தெட்டு வந்தாப்பிறகு முன்சீற்றிலை இருந்துகொண்டு கேளும், இழுக்குதோ இல்லையோ எண்டு.”